முன் வயல்காரரும் அட்ஜஸ்ட்மென்ட்டும்

காலையில் திருவையாற்றில் பேருந்து ஏறினால் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் அந்த வார்த்தையை நாலைந்து தடவையாவது கேட்டுவிடுவேன். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்து இடித்துக்கொண்டு, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்பார். பள்ளிக்கூடம் போனால், லீவு போட்டவரின் வகுப்பு என் தலையில் விழுந்திருக்கும். அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட். ரவிக்கையின் கையை இறுக்கித் தைத்துவிட்டுத் தையல்காரர் சொல்வதும் அதுதான். மாமியார் ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் போனில் புலம்பினால் அங்கிருந்தும் அதே மருந்துதான் வரும்.

நான் இயற்பியல் ஆசிரியை. ஆய்வகத்தில் அட்ஜஸ்ட் செய்வது என்றால், மங்கலாகத் தெரிவது தெளிவாகத் தெரியும்வரை திருகை மெல்லத் திருப்புவது. வெளியே வந்தால், தெளிவாகத் தெரிவதைத் தெரியாத மாதிரி பார்த்துக்கொள்வது. நகர்ந்து உட்கார், பொறுத்துக்கொள், விட்டுக்கொடு, ஏமாந்து போ, வாயை மூடு என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொல் இருக்கத்தான் செய்கிறது. அதையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும். இந்த வார்த்தையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுகிறோம். நானும் ஆட்டியிருக்கிறேன், கழுத்து வலிக்கும்வரை.

போன சம்பாவில் அது என் வயலிலேயே வந்து இறங்கியது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். குத்தகையில் கிடந்த எங்கள் நிலத்தை இந்த வருஷம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். “ஒரு போகம் பாரு. சரிவரலைன்னா குத்தகைக்கே விட்டுடணும்” என்று அவர் சொல்லியிருந்தார். குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் முன் வயல்காரர். எனக்கு மாமா முறை.

எங்களுடையது உள் வயல். சாலையைத் தொட்டுக் கிடப்பது அவர் வயல். அறுவடை மெஷின் அவர் வயலை அறுத்துவிட்டு, அதன் மேல் ஏறித்தான் எங்கள் வயலுக்கு வர முடியும். அதனால் முன் வயலில் என்ன ரகமோ உள் வயலிலும் அதே ரகம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டும் ஒன்றாக விளையும், ஒன்றாக அறுக்கலாம். நானும் விதைப்புக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவர் சொன்ன ரகத்தையே வாங்கி விதைத்தேன்.

தை பிறந்தபோது என் பயிர் பழுத்துத் தலை சாய்த்து நின்றது. அவருடையது பச்சைப் பசேலென்று நின்றது. நீண்ட நாள் ரகம். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஏன் மாமா, ரகத்த மாத்துனத ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நெனச்ச வெதை கெடைக்கலம்மா. சொல்லலாம்னுதான் இருந்தேன். படிச்ச புள்ள, அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்னு விட்டுட்டேன்.”

மெஷின் போகிற அகலத்துக்கு மட்டும் அவர் பயிரை அறுத்துக்கொள்கிறேன், அதற்கு ஈடாக என் நெல்லைத் தந்துவிடுகிறேன் என்றேன். காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “பால் புடிச்ச பயிர அறுக்கச் சொல்றியே, பாவம்மா! இன்னும் கொஞ்ச நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்றார்.

மெஷின் ஏற்பாடு செய்கிறவரிடம் கேட்டேன். “முன் வயல்ல அறுக்காம வண்டி எறங்காது டீச்சர். நீங்களே பேசி அட்ஜஸ்ட் பண்ணிட்டுக் கூப்புடுங்க” என்றார். போனில் கணவரும், “பெரியவர்கிட்ட சண்டை வச்சுக்காத, அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்றார். மாமாவிடம் மறுபடியும் போய்க் கேட்டேன், அதே பதில்தான். அதற்கும் பிறகு ஒருமுறை போனபோது அத்தை வாசலில் நின்று அவர் ஊரில் இல்லை என்றார்கள். அவர் செருப்பு வாசற்படியிலேயே கிடந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பயிர் மொத்தமும் படுத்து, கதிர் தண்ணீரில் கிடந்தது. வரப்பில் குடையோடு நின்று பார்த்தேன். அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாமா மேல், மெஷின்காரர் மேல், கணவர் மேல், எல்லாரிடமும் தலையாட்டிப் பழகிய என் மேல். இப்படியே கிடந்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும்.

மழை விட்ட மறுநாள், அறுக்கத் தெரிந்த பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். “மெஷின் வந்தப்பறம் யாரு டீச்சர் குனியிறா?” என்று முதலில் சிரித்தார்கள். கூலியை நெல்லாகவே கேட்டார்கள், சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இறங்கினோம். அறுத்ததைக் கட்டாகக் கட்டி, தலையில் வைத்து, மாமாவின் வயல் வரப்பு வழியாகவே சாலைக்குச் சுமந்தோம். நானும் சுமந்தேன். முதுகெல்லாம் தண்ணீர் வழிந்தது, சுணை பட்டுக் கழுத்து அரித்தது.

உச்சிப்பொழுதில் எதிரே மாமா வந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“ஏம்மா, இப்புடித் தலையில சொமந்து சாகுறியே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அட்ஜஸ்ட் பண்ணியிருக்க மாட்டனா?”

அவர் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தலையில் கட்டு மட்டும் இல்லாதிருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம்.

“எறங்குங்க மாமா” என்றேன்.

மாமா வேட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வயல் சேற்றில் இறங்கி நின்றார். நாங்கள் வரிசையாக அவரைக் கடந்து போனோம்.

பாதி நெல்தான் தேறியது. சாயங்காலம் கணவரிடம் அதைச் சொன்னேன்.

“சரிவரலைன்னா விட்டுடணும்னுதானே நம்ம பேச்சு?” என்றார்.

“ஆமாங்க. அந்தப் பேச்ச மாத்திட்டேன். அடுத்த சம்பாவும் நான்தான்” என்றேன். “நான் ஒங்ககிட்ட சொல்லிட்டு மாத்துறேன்.”