சுழலுக்கு ஒரு காக்கிப் பேன்ட்

என் மாமியார் போலீஸ்காரர்களுக்குப் பேன்ட் தைக்கிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. போலீஸ் பயிற்சி மைதானத்துக்கு எதிரே இருக்கும் சீருடைக் கடையில் ஜன்னலோரத் தையல் மெஷின் அவருடையது, பக்கத்தில் காஜா எடுக்கும் மெஷின் என்னுடையது. வீட்டிலும் அவர் முகம், கடையிலும் அவர் முகம். ஐயோ பாவம் என்று யாரும் என்னைப் பார்க்க வேண்டாம். எனக்குப் பொழுது போவதே அந்த அம்மாளால்தான்.

எப்பேர்ப்பட்ட அதிகாரியும் அத்தை முன்னால் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். "மூச்சை விடுங்க சார். அடக்கிக்கிட்டு அளவு குடுத்தா, போட்டுக்கிட்டு மூச்சு விடுற அன்னைக்கு பட்டன் பறந்துடும்" என்று அத்தை டேப்பால் லேசாகத் தட்டுவார். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூச்சை விடுவார். இப்படி ஊர் போலீஸையே கைக்குள் வைத்திருந்தவர், ஐம்பத்து நாலு வயதில் ஒரு சண்டை நடிகனுக்காகத் தலைகால் புரியாமல் ஆடினார்.

அந்த நடிகனை ரசிகர்கள் சுழல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு படத்திலும் தரையிலிருந்து எழும்பி, காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றி, எதிராளியின் காதோரமாக ஒரு உதை விடுவான். கயிறு இல்லை, டூப் இல்லை. பதினொரு படத்தில் சமையல்காரனாக, பெயின்டராக, தபால்காரனாக என்னென்னவோ வந்துவிட்டான். எல்லாவற்றிலும் தொளதொள பேன்ட்தான். எல்லாவற்றிலும் போலீஸ் அவனைத் துரத்தும்.

"அப்படி என்னதான் அத்தை இருக்கு அவன்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மத்தவனுங்க அடிச்சா எதிராளிக்கு மட்டும்தான்டி வலிக்கும். இவன் அடிச்சா இவனுக்கும் வலிக்கும். குத்திட்டுக் கையை உதறுவான் பாரு, ஐயோ அம்மான்னு ஒரு முகம் காட்டுவான் பாரு, அதுக்கே குடுக்கலாம் டிக்கெட் காசு. பயந்துக்கிட்டேதான் சண்டை போடுறான், நம்மள மாதிரி."

அத்தை யாருக்குப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வீடு போய்ச் சேர வேண்டும்.

பேன்ட் அளவு சரிபார்க்க வந்த இன்ஸ்பெக்டர்தான் சேதியைக் கொண்டுவந்தார். "தெரியுமாம்மா? உங்க சுழல் எங்க டிபார்ட்மென்ட்ல சேர்ந்துட்டான். அடுத்த படத்துல போலீஸ். முதல் தடவையா!" அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த குண்டூசி இன்ஸ்பெக்டரின் இடுப்பில் இறங்கியது. அவர் அலறினார். அத்தை மன்னிப்புக்கூடக் கேட்காமல் கடை முழுவதற்கும் டீ சொல்லிவிட்டார். இரண்டு நாளைக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் சின்னதாக ஒரு முன்னோட்டம் வந்தது. படப்பிடிப்பு பாதிதான் முடிந்திருக்கிறதாம், அதற்குள் ஆசை காட்ட ஒரு நிமிடத் துண்டு. என் வீட்டுக்காரர் போனில் போட்டுக் காட்டினார். சுழல் காக்கியில் ஓடினான், மாடியிலிருந்து குதித்தான், பஸ் ஜன்னலில் தொங்கினான். நானும் அவரும் கை தட்டினோம். அத்தை திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"உதையைக் காணோம். இடுப்புக்கு மேல காலே போகல."

"எல்லாத்தையும் முன்னாடியே காட்டுவாங்களா அம்மா?" என்றார் அவர்.

"போகாதுடா! அந்தப் பேன்ட்ல போகாது! நான்தானே தைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அத்தை சொன்னது உண்மை. போலீஸ் பேன்ட் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பதற்கென்றே வெட்டப்படுவது. மேலிடத்திலிருந்து வரும் வெட்டுக் காகிதத்தைக் கால் அங்குலம்கூட மாற்றக் கூடாது. கவட்டுத் தையல் இறுக்கிப் பிடிக்கும். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தவர், ஜீப்பில் அவசரமாக ஏறியவர் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது பின்பக்கத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். அந்தப் பேன்ட்டைத்தான் சுழலுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. தானே அவன் காலைக் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார். போன படத்துக்கு வைத்த சுழலின் அட்டை உருவம் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அத்தை சோடாக் கடையில் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி, டேப்பை எடுத்து அதன் இடுப்பில் வைத்தார். அவனுக்கு ஒரு பேன்ட் தைத்து அனுப்பப் போகிறாராம்.

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எழுது. முன்னிடுப்பு பதினெட்டு."

"பின்னிடுப்பு?"

அத்தை எட்டிப் பார்த்தார். பின்னால் மரச்சட்டமும் ஆணியும்தான் இருந்தன. "அதுவும் பதினெட்டுன்னு போடு" என்றார். கால் உள்நீளம் நாற்பது அங்குலம் வந்தது.

"இது மனுஷன் காலா, ஒட்டகச்சிவிங்கி காலா அத்தை?"

"சண்டைக்காரன் கால் அப்படித்தான் இருக்கும். இல்லேன்னா எப்படி எட்டும்?"

இருபத்தாறு வருடம் அளவெடுத்த கை! நிற்பது ஏழடி அட்டை என்று சோடாக்காரனுக்குத் தெரிந்திருந்தது, இந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. ஆசை வந்தால் கண் போய்விடும் போலிருக்கிறது. மேனேஜர் கத்திக்கொண்டே வெளியே வந்தார். அளவு முடியும்வரை அத்தை இறங்கவில்லை.

அந்த வாரமே தைத்து முடித்தார். முதல் தடவையாக வெட்டுக் காகிதத்தை மீறி, கால் தாராளமாக விரிய கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தார். காஜா நான் எடுத்தேன். சோதனைக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்தோம். அவர் பேன்ட்டைக் கால்பக்கம் மூன்று மடிப்பு மடித்து, இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சமையலறையில் ஒரு உதை விட்டார். அலமாரித் தட்டில் இருந்த சர்க்கரை டப்பா பறந்து என் காலடியில் விழுந்தது. தையல் கிழியவில்லை. அத்தை மகனைக் கட்டிக்கொண்டு குதித்தார், சர்க்கரையைக் கூட்டியது நான். படக் கம்பெனி முகவரிக்குப் பார்சல் போயிற்று, கூடவே ஒரு கடிதமும்: "மகனே, இதைப் போட்டுக்கொண்டு பயப்படாமல் உதை. கிழியாது. இப்படிக்கு, ஒரு தையல்காரி."

நாலு மாதம் பதிலே இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைவதற்கே பயந்தார்.

படம் வந்தது. முதல் நாள் காலைக் காட்சிக்குப் போனோம். எங்களுக்கு முன்வரிசை முழுக்கப் போலீஸ்காரர்கள். நடுவில் நம் இன்ஸ்பெக்டர், அத்தையைப் பார்த்ததும் இடுப்பைத் தடவிக்கொண்டார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை. "அவன் போட்டிருக்கணும்டி. போட்டிருந்தா உதைப்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

சுழல் திரையில் வந்ததும் கூரை அதிர்ந்தது. ஓடினான், குத்தினான், கையை உதறினான், ஐயோ என்றான். உதைக்க மட்டும் இல்லை. இடைவேளை வந்துவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தேன், அத்தையின் கண் கலங்கியிருந்தது.

"போலீஸ் வேலை குடுத்துக் காலைப் பிடுங்கிக்கிட்டானுங்க. என் பேன்ட் போய்ச் சேரல."

நான் இன்னொரு கையால் முந்தானையை நீட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு மார்க்கெட்டில் ஒரு சண்டை. ஒன்பது பேர், இவன் ஒருத்தன். தக்காளிக் கூடைகள் நடுவே புரட்டி எடுக்கிறார்கள். விழுந்து கிடந்தவன் எழுந்தான். சட்டையை உதறினான். சுவரில் இரண்டு எட்டு ஏறி, காற்றில் எழும்பி, சுற்றினான் ஐயா, சுற்றினான்! முழுச் சுற்று! காதோரத்தில் போய் இறங்கியது கால். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தூக்கி வீசினார், அது என் மடியில் வந்து விழுந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை மட்டும் சத்தமே இல்லாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதே உதையை மறுபடி மெதுவாகக் காட்டினார்கள். முப்பதடித் திரையில் கால் விரிந்தது.

"என்னோடது இல்ல" என்றார்.

"இருட்டுல என்ன தெரியும் அத்தை..."

"நான் வெச்சது சாய்சதுரம். இது முட்டியிலேருந்து முட்டி வரைக்கும் ஒரே பட்டி. தையலுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கா. நிக்கும்போது விறைப்பா, அசல் போலீஸ் பேன்ட். காலைத் தூக்கினாத்தான் விரியுது." மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு ஏன்டி இது தோணல?"

அழப்போகிறார் என்று நினைத்தேன். என் தொடையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட. "யாரோ ஒருத்தி இருக்காடி அங்க! என்னைவிடக் கெட்டிக்காரி!"

"ஒருத்தனா இருந்தா?"

"எவனா இருந்தா என்ன! பையன் உதைச்சான்ல!"

அப்புறம் சுழல் இன்னும் நாலு தடவை உதைத்தான். அத்தை நாலு தடவையும் நாற்காலியை விட்டு எழுந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நான் பையை எடுத்தேன். அத்தை பிடித்து உட்கார வைத்தார். தைத்தவர் பெயரைப் பார்க்க வேண்டுமாம். எழுத்து எறும்பு மாதிரி, ஓட்டமோ ரயில் மாதிரி. எழுந்து போகிறவர்கள் தலை வேறு மறைத்தது. பார்க்க முடியவில்லை.

மத்தியானக் காட்சிக்கு மறுபடி டிக்கெட் வாங்கினோம். கடையில் என்ன சொல்வது என்று கேட்டேன். காலரா என்று சொல்லச் சொன்னார். இந்த முறை முதல் வரிசையில் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தோம். பெயர்கள் வந்ததும், "நீ இடப்பக்கம் படி, நான் வலப்பக்கம்" என்றார். சண்டைக் குழு போனது, சாப்பாட்டுக் குழு போனது, கார் ஓட்டியவர்கள் போனார்கள். உடைகள் என்று ஒரு தலைப்பு வந்தது. அதற்கும் கீழே, தையல். ஒரே ஒரு பெயர், பெண்ணின் பெயர்.

அத்தை வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தார். அவருக்கு விசில் வரும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. காலி தியேட்டரில் அது சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு போனது. நானும் எழுந்து நின்று கை தட்டினேன். பின்னால் குப்பை கூட்டிக்கொண்டிருந்தவர் பயந்துபோய் நிமிர்ந்தார்.

"படம் முடிஞ்சிடுச்சும்மா."

"முடிஞ்சா என்னப்பா, எங்க ஆளு பேரு இப்பத்தானே வந்துச்சு" என்றார் அத்தை.