காலியான சுவரைக் காட்டவும்

என் அக்காவிடம் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாலும் சரி, புதுச் சட்டையைப் பற்றிச் சொன்னாலும் சரி, சொன்னவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். எதிரில் இருப்பவர் நெளிவார், செருமுவார், கடைசியில் அவராகவே "ஆனா..." என்று இழுப்பார். அந்த "ஆனா"வுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். தெருவில் அவளுக்குப் பெயரே 'ஆனா அக்கா'.

கம்பெனிகளுக்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்பது அவள் வேலை. சோப்பு, மிக்ஸி, குழந்தை சைக்கிள் என்று அவள் கேட்காத பொருள் இல்லை. கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவர்களும் நன்றி சொல்வார்கள், அதோடு சரி. எதுவும் மாறியதில்லை. ஒரு ஷாம்பு பாட்டிலின் மூடி வாங்கிய வேகத்தில் உடைகிறது என்று போன வீட்டிலெல்லாம் சொன்னார்கள். அவளும் சொன்னாள். இன்றைக்கும் அதே மூடிதான். அது உடையும்போதெல்லாம் குளியலறையிலிருந்து குரல் வரும்: "நான் இத்தனை வருஷம் யாருகிட்டதான் பேசிட்டு இருந்தேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் செருப்புக் கடையில் நிற்கிறவள். "நல்லா இருக்கு" என்கிறவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். "இந்த ஓரம் கடிக்குது" என்கிறவர்தான் வாங்குவார். குறை சொல்கிறவரைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாமா? இது கம்பெனிக்காரர்களின் மண்டையில் ஏறுவதே இல்லை.

இந்த நிலையில்தான் ஓர் ஆர்ட் கேலரி அவளைக் கூப்பிட்டது. புதிதாக ஒரு ஆப் செய்திருந்தார்கள். ஃபோன் கேமராவைச் சுவருக்கு நேரே பிடித்தால், கேலரியில் இருக்கும் ஓவியம் அந்தச் சுவரிலேயே மாட்டியிருப்பதுபோலத் திரையில் தெரியும். பக்கத்தில் போனால் தூரிகை இழுத்த கோடுகூடத் தெரியும். அதை வெளியிடுவதற்கு முன்னால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததே ஓட்டமாகத்தான். "இது இன்னும் வெளிய வரலைடி. இப்பச் சொன்னா மாத்தலாம். இதுலயாவது ஒண்ணு மாறணும். இல்லேன்னா நான் இந்த வேலைக்கே ஒரு கும்பிடு போட்டுட்டு உன் கடைக்கு வந்துடுறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது அவள் குரலிலேயே தெரிந்தது.

வாரம் முழுவதும் அலைந்தாள். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அவள் காத்துக்கொண்டு நின்றும் "ஆனா" வரவில்லை. படம் என்றால் பெரிய விஷயம், நமக்கென்ன தெரியும் என்று கூச்சம். ஆனால் அவள் கிளம்புவதற்குள் எல்லோருமே ஆப்பை மூடிவிட்டிருந்தார்கள். ஏன் என்று பிடிபடாமல் அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

கடைசியில் பிடிபட்டது எங்கள் வீட்டில்தான். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பஸ் டிரைவர். முதுகுத் தண்டில் பிசகு என்று டாக்டர் அவரை மூன்று மாதம் மல்லாக்கப் படுக்கச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கல்யாணமான நாளிலிருந்து அக்காவால் ஒரு "ஆனா" கூட வாங்க முடியாத ஒரே ஆள் அவர்தான். உப்பே போடாத குழம்பையும் நல்லா இருக்கு என்று சாப்பிட்ட மனிதர். அவரிடமும் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"எந்தப் படம் பார்த்தீங்க?"

மாமா முழித்தார். அக்கா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். திரையில் ஓவியமே இல்லை. 'காலியான சுவரைக் காட்டவும்' என்று ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது.

"இதையா இவ்வளவு நேரம் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"கோச்சுக்காதே. ராத்திரி பகலா இதுக்குத்தானே அலையுற." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா... என்னால சுவர்ப் பக்கம் திரும்ப முடியலை. திரும்பினாலும் நம்ம வீட்ல காலிச் சுவர் எங்க இருக்கு, சொல்லு?"

அக்கா ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். நானும் சுற்றிப் பார்த்தேன். காலண்டர், கடிகாரம், கல்யாண ஃபோட்டோ, ஆணியில் மாமாவின் சட்டை, அலமாரி, அதன் மேல் பெட்டி. உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சுவர் தெரியவில்லை. அவள் போன வீடுகளும் இப்படித்தான். ஆப் செய்தவர்கள் தங்கள் ஆபீஸில் வெள்ளைச் சுவரில் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோயிருக்கிறார்கள்.

"சீலிங்தான் காலியா இருக்கு" என்றார் மாமா, மெதுவாக. அக்கா குனிந்து அவர் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். என் எதிரிலேயே. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு கேலரிக்குப் போனேன். மீட்டிங் அறையில் மேனேஜரும், ஆப்பை வடிவமைத்த தாடிக்காரரும் இருந்தார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னாள். தாடிக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "சுவருக்குன்னு வரைஞ்ச படம் மேடம். சீலிங்ல மாட்டினா வரைஞ்சவங்களே சண்டைக்கு வருவாங்க" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

"எத்தனை பேர் இதைக் கேட்டாங்க?" என்றார் மேனேஜர்.

"யாரும் கேக்கலை சார். எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மூடிட்டாங்க. என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் வாயைத் திறந்தார்."

போச்சுடா என்று நினைத்தேன். வீட்டுக்காரர் கதையை யாராவது ஆபீஸில் சொல்வார்களா? ஆனால் அக்கா விடவில்லை. "ஒரு நிமிஷம் கீழே படுங்க சார்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. மேனேஜர் அவளைப் பார்த்தார், தாடிக்காரரைப் பார்த்தார், பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் மல்லாந்து படுத்தார். கழுத்து டை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"திரும்பக் கூடாது. மூணு மாசம் இப்படியே. இப்ப எதைப் பார்ப்பீங்க சார்?"

மேனேஜர் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தார். தாடிக்காரரும் என்ன நினைத்தாரோ, அவர் பக்கத்தில் போய்ப் படுத்தார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருக்க, பெரிய மனிதர்கள் இருவர் தரையில் கிடந்தார்கள். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். "வரைஞ்சவங்ககிட்ட நான் பேசுறேன்" என்றார் மேனேஜர், படுத்தபடியே. "வெளியிடுறதைத் தள்ளிப்போடுங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்கா என் கையை விடவே இல்லை. விரல்களெல்லாம் வலித்தன.

அடுத்த மாதம் புது ஆப் வந்தது. திறந்ததும் கேட்டது: 'சுவரா, கூரையா?' அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு மாமாவின் கையில் கொடுத்தாள். அவர் ஓவியங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, மரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட சாலை போகும் படத்தைத் தேர்ந்தெடுத்தார். டிரைவர் புத்தி வேறெங்கே போகும்? ஃபேனுக்குப் பக்கத்தில் அந்தச் சாலை விரிந்தது. நானும் என் ஃபோனை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். மாமாவின் வலது கால் போர்வைக்குள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல அசைந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா, நின்றபடியே.

"கேட்டது போதும். நீயும் படு" என்றார் மாமா. கட்டிலில் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் ஒண்டிக்கொண்டு படுத்தாள். அவர் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "உனக்கு எப்படி இருக்கு?"

ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவளை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை. அவள் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்கு" என்றாள்.

மாமா பேசவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"ஆனா," என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த ஷாம்பு மூடியை இன்னும் மாத்தலையே."