நல்லம்மாவுக்குத் தெரிந்த அரசாங்கம்

"என்னாங்க, அரசாங்கத்துக்கு இன்னிக்குக் காய்ச்சலா?"

ஏழு மணிக்கு வர வேண்டிய அரசாங்கச் சிவப்பு பஸ் ஏழேகாலுக்கும் வராவிட்டால் தேயிலைத் தோட்டத்து முச்சந்தியில் நின்று நல்லம்மா இப்படித்தான் கேட்பாள். தபால்காரரைக் கண்டால், "அவரு என்னா எழுதியிருக்காரு?" என்பாள். ஆஸ்பத்திரியில் ஊசி வலித்தால், "அவரு கை கொஞ்சம் மொரடு." அரசாங்கம் அவளுக்கு ஓர் ஆள். மரியாதைக்குரிய ஆள்.

என் பெரியப்பா மகன் ரெங்கசாமிக்கு இரண்டாவது மருமகள் இந்த நல்லம்மா. பிறந்தது லுணுகலைப் பக்கம். வயது ஐம்பத்திரண்டு. கொழுந்தெடுக்கும் கை வேகமா, வாய் வேகமா என்று தோட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. ஒரே கூரை வரிசையில் பதினெட்டுக் குடும்பம் இருக்கிற எங்கள் லயத்துக்காகப் பேச வேண்டியதையெல்லாம் அவள்தான் பேசுவாள்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் ரெங்கசாமியின் மச்சான் ஒருவர் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பலாமரத்தைக் கேட்காமல் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து திருவிழாப் பொங்கலில் முதல் தட்டு அந்த மரக்காரர் வீட்டுக்குத்தான். வெட்டியவரும் போய்விட்டார், மரக்காரரும் போய்விட்டார். இப்போது தட்டை வாங்குவது மரக்காரரின் பேத்தி. "இன்னும் எதுக்கு மாமி சொமக்குறீங்க?" என்று நல்லம்மாவின் மருமகள் கலாராணி ஒருமுறை கேட்டாள்.

"வெட்டுன ஆளு செத்துட்டாரு. லயம் செத்துருச்சா?"

போன மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்துக் கீழே இறங்கியது. சுவரெல்லாம் விரிசல். வேறிடத்தில் வீடு கட்டக் காணி தருவதாக அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எட்டு மாதமாகியும் காணி வரவில்லை. அடுத்த மழைக்கு முன் கேட்டுவிட வேண்டுமென்று நல்லம்மா கடிதத்தோடு கிளம்பினாள். பின்னால் லயமே போனது, நானும் போனேன்.

கந்தோரில் புதிதாக வந்த அதிகாரி சதீஸ்குமார். முப்பது வயதிருக்கும். "அக்கா, இது எனக்கு முந்தி இருந்தவரு குடுத்தது. அவரு மாத்தலாகி மொனராகலைக்குப் போயிட்டாரு. நா குடுக்கலயே."

"நீங்களும் குடுக்கலய்யா, அவரும் குடுக்கல. அரசாங்கம் குடுத்துச்சு. அவருக்குமா மாத்தல்?"

"அப்பிடிச் சொன்னா எப்பிடிக்கா?"

"நீங்க பொறக்காதப்ப, எங்கப்பாவ இந்த நாட்டு ஆளு இல்லேன்னு எழுதி அனுப்புனது அவருதான். பொறவு எனக்கு அடையாள அட்டை குடுத்ததும் அவருதான். அன்னிக்குச் செஞ்சது வேற ஆளுன்னா, இந்த அட்டைய நா யாருகிட்டக் காட்டுறது?"

சதீஸ்குமார் சிரித்துவிட்டார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினார். போன தடவை காணி கேட்டு வந்த கூட்டத்தில் யாரோ இழுத்ததில், அறிவித்தல் பலகை ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "சரி, அத ஒடச்சது யாரு?"

உடைத்தது எங்கள் லயத்துச் சுரேஸ். இப்போது கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கிறான். கலாராணி மாமியாரின் சேலையைப் பிடித்து இழுத்தாள். தெரியாது என்று சொன்னால் போதும். ஒத்துக்கொண்டால் பதினெட்டு வீட்டுக் காணியும் போனாலும் போகும்.

"நாங்கதாய்யா."

"நீங்களா ஒடச்சீங்க?"

"அன்னிக்கு நா கொழுந்து மலையில நின்னேன். ஒடச்சது எங்க லயம்."

சதீஸ்குமார் பேனாவை எடுத்தார். கடிதத்தை இழுத்து, முந்தைய அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். காணி அளக்க ஆள் வரும் திகதியையும் எழுதி முத்திரை குத்தினார். வருகிற வியாழக்கிழமை.

வெளியே வந்ததும் கடிதத்தைப் பார்க்க எல்லாரும் கை நீட்டினார்கள். நல்லம்மா அதைக் கலாராணியிடம் கொடுத்துவிட்டு, தொங்கிய பலகையைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"ஆணி கொண்டாங்க!"