பேஸ் பார்க்கப் போகிறவர்

பேஸ் கிட்டாரைக் கையில் வாங்கியதும் டெல்மர் பெட்வே அதைக் குப்புறப் போட்டுவிடுகிறார். முகப்பைப் பார்ப்பதே இல்லை. மரத்தில் புலிவரி ஓடுகிறது, மயிற்கண் பூத்திருக்கிறது என்று செய்தவர் சொல்லிக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டைத் திருப்புளியை எடுத்து முதுகிலுள்ள மூடியைக் கழற்றுகிறார். உள்ளே மின்கம்பிகள் ஓடும் குழி. அதில் மரத்தூள் ஒட்டியிருந்தாலோ, ஈயப் பற்று கொழகொழவென்று வழிந்திருந்தாலோ, மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டுச் சொல்வார்: "மூஞ்சிய மட்டும் கழுவிட்டு வந்திருக்கு. குளிக்கல."

டேட்டன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், சர்ச்சில் வாசிக்கிறவர்களானாலும் கல்யாண விருந்துகளில் வாசிக்கிறவர்களானாலும், சொல்லிச் செய்த பேஸை வாங்கப் போகும்போது டெல்மரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சொல்லிச் செய்வது என்றால் ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் காத்திருந்தவன் கையில் கதவுப் பலகையைக் கொடுத்தாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். அதனால்தான் பெண் பார்க்கப் போகும்போது விவரமான மாமா ஒருவரை அழைத்துப் போவதுபோல இவரை அழைத்துப் போகிறார்கள். கூலி கிடையாது. திரும்பும் வழியில் பொரித்த கெளுத்தி மீன் வைத்த சாண்ட்விச் ஒன்று, காரச்சாறு தூக்கலாக. பேஸ் சரியில்லை என்று சொல்லிவிட்ட நாளில் அதையும் தன் காசில்தான் சாப்பிடுவார். அழுகிறவன் கையால் சாப்பிடக் கூடாதாம்.

ஆள் நல்ல உயரம். வேலைக்காலம் முழுவதும் நகரத்து மின்பேருந்தை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைக்குக் கஞ்சி போடுவதை விடவில்லை. பெல்ட் போடுவதில்லை, ஏனென்றால் அதன் கொக்கி பேஸின் முதுகைக் கீறிவிடும். கால்சட்டையைத் தோளிலிருந்து இழுத்துப் பிடிக்கும் சஸ்பெண்டர்தான் எப்போதும். அடுத்தவர் பேஸைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "எங்க அம்மா வீட்டுக்கு என்னப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட இவ்வளவு சுத்தமா வரல" என்பது அவர் மனைவி ஒடெஸாவின் நிரந்தரக் குறை.

கை கழுவியாயிற்று, மூடியைக் கழற்றிப் பூட்டியாயிற்று. அடுத்தது காது. ஆம்ப்ளிஃபயரில் இணைக்க விடமாட்டார். "மைக் குடுத்தா எவன் வேணா பாடுவான். வெறும் தொண்டையில பாடட்டும், கேப்போம்." பேஸின் உடம்பில் மேலே நீண்டிருக்கும் கொம்பைத் தாடையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு கம்பியையும் கழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டுவார். மரம் எலும்பு வழியாகப் பேசுமாம். எங்கோ ஒரு கட்டத்தில் ஒலி நீடிக்காமல் சட்டென்று அவிந்துபோகும். செத்த இடம் என்பார்கள். வாங்க வந்தவன் முகமும் அங்கேயே செத்துவிடும். டெல்மர் அவனைத் தட்டிக்கொடுப்பார். "எல்லா பேஸ்லயும் ஒரு செத்த இடம் உண்டுப்பா. எனக்கு முழங்கால்ல இருக்கு. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

பொறுக்க முடியாதது அவருக்கு ஒன்றுதான்: தலை குத்துவது. தலைப்பக்கம் கனம் கூடிய பேஸைத் தோளில் மாட்டினால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். வாசிக்கிறவன் இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். கெட்டிக்காரச் செய்நர்கள் பேஸோடு கூடவே சொரசொரப்பான தோல்வார் ஒன்றை அன்பளிப்பாக நீட்டுவார்கள். அது சட்டையைக் கவ்விக்கொள்ளும், தலை நகராது, வாங்கியவனுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரியும். டெல்மரிடம் அந்த வேலை நடக்காது. அவர் கையோடு கொண்டுபோவது காரின் சீட் பெல்ட் துணியில் தைத்த வழவழப்பான தோள்வார். அதை மாட்டிவிட்டு, "இப்ப ரெண்டு கையையும் விடு" என்பார். தலை சாய்ந்தால் முடிந்தது கதை. "இவனுக்கு சர்ச்சுல தூக்கம் வருதுடா."

பேஸைப் பார்ப்பது இப்படி. செய்கிற ஆளைப் பார்ப்பதற்கு அவரிடம் வேறு வழி இருந்தது. புதிய செய்நர் யாராவது கடை போட்டால் டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போலப் போய் நிற்பார். "ஐயா, எனக்குக் கை வலி. கழுத்து பென்சில் மாதிரி மெலிசா வேணும். ஆனா கம்பி நல்லாத் தடியா இருக்கணும். முடியுமா?" தடித்த கம்பி இழுக்கிற இழுப்புக்கு அப்படியொரு கழுத்து வில்லாக வளைந்துவிடும். செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்தும், "செஞ்சிடலாம் சார், முன்பணம் மட்டும் போட்டுடுங்க" என்கிறவரிடம் டெல்மர் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதற்குப் பிறகு மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட அந்தக் கடைக்குப் போகாது.

நகரத்துக்கு வெளியே சோளக்காட்டு ஓரத்தில் பட்டறை வைத்திருந்த ஏமஸ் யோடரிடமும் இந்த நாடகத்தை ஆடினார். யோடர் தாடி வைத்த, அதிகம் பேசாத மனிதர். அவர் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவச் சபையில் வாத்தியமே கூடாது, வாயால் பாடுவது மட்டும்தான். சமையலறை அலமாரி செய்துகொண்டிருந்தவர், யாரோ உடைந்த பேஸைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தபோது அதில் விழுந்தார். இன்றைக்கும் ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது. டெல்மர் பென்சில் கழுத்து கேட்டதும் உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "முடியாது. வளைஞ்சிடும். வேற எங்கயாச்சும் கேளுங்க." டெல்மருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீடு வரும்வரை காரில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவருக்கே ஒரு பேஸ் தேவைப்பட்ட நேரம் அது. பேஸைச் சுமந்து சுமந்து இடது தோள் தேய்ந்து, போன குளிர்காலத்தில் அறுவை செய்திருந்தார்கள். இனி கனமாக எதையும் அந்தத் தோளில் தொங்கவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவருடைய பழைய பேஸோ அம்மிக்கல் கனம். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். "நான் உக்காந்தா பாட்டும் உக்காந்துடுது" என்று தானே எழுந்துவிட்டார். மவுண்ட் ஹெர்மன் சர்ச்சில், டிரம்ஸுக்கு இடப்பக்கம் அவர் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸுக்குப் போதும்போலிருக்கிறதே என்று பாஸ்டர் பக்குவமாகப் பேச ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பினால் டெல்மர் சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். ஒடெஸாவுக்குப் பயமாக இருந்தது.

ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று சொல்லிச் செய்யப் போனார். யோடருக்கும் அது பெரிய காரியம். பேஸ் செய்வதில் வீடு நடக்கவில்லை, மறுபடி அலமாரிக்கே போய்விடலாம் என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்த காலம். டெல்மர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் மேற்குப் பக்கமே அவர் வாசலில் வந்து நிற்கும். உடம்பை உள்ளே குடைந்து காற்றாக லேசாக்கித் தருகிறேன் என்றார் யோடர். எல்லாம் ஒத்துப்போனது, சாவிகளைத் தவிர. தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற நான்கு சாவிகளும் தன் பழைய பேஸில் இருப்பதுபோலப் பெரியதாக, யானைக்காது மாதிரி, கனத்த இரும்பில் வேண்டும் என்றார் டெல்மர். அது இல்லாமல் பேஸ் பேஸ் மாதிரி இல்லையாம்.

"வேணாம் மிஸ்டர் பெட்வே" என்றார் யோடர். "உடம்பு லேசு. தலையில இரும்ப வெச்சா தலை குத்திடும். சின்ன சாவி போடலாம்."

"நான் எத்தன பேஸ் பாத்தவன் தெரியுமா?"

"தெரியும். ஆனாலும் வேணாம்."

"நீங்க எத்தன பேஸ் வாசிச்சிருக்கீங்க?"

யோடர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு யானைக்காது என்று குறித்துக்கொண்டார். ஊரார் பேஸையெல்லாம் பார்த்த டெல்மருக்கு, ஆகாததைத் தானே கேட்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வருட வசந்தத்தில் பேஸ் தயாரானது. டிரம்ஸ் வாசிக்கும் ரோஸ்கோ காரை ஓட்ட, ஒடெஸா மடியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் சுட்ட பலகாரத்தோடு பின்னால் உட்கார்ந்து வந்தார். பட்டறையில் டெல்மர் கை கழுவினார். வெளிர்நிறத் தலையும் கழுத்துமாகப் பளிச்சென்று கிடந்த பேஸைக் குப்புறப் போட்டார். மூடியைக் கழற்றினார். வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குளிச்சு, தலை சீவி, பவுடர் போட்டு வந்திருக்கு" என்றார். ரோஸ்கோ விசிலடித்தார். டெல்மர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. தாடையில் அழுத்தி மீட்டியபோது டெல்மரின் கண்கள் மூடிக்கொண்டன. கீழ்க்கம்பியின் ஒலி நீண்டு, நிதானமாக அடங்கியது. ஒடெஸா தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். பல மாதங்களாகக் காணாமல் போயிருந்த ஒருவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

வழவழப்பான தோள்வாரை மாட்டிக்கொண்டு டெல்மர் எழுந்து நின்றார். தோளில் கனமே தெரியவில்லை. நான்கு யானைக்காதுகளும் பளபளத்தன. இடது கை கழுத்தைப் பிடித்தபடியே இருந்தது.

"கைய விடு" என்றார் ரோஸ்கோ.

"இருடா."

"எங்கள எல்லாம் உடனே விடச் சொல்லுவியே. விடுறா."

விட்டார். தலை அவசரப்படாமல், மரியாதையாக, தரையை நோக்கிச் சாய்ந்தது. டெல்மரின் இடது கை தாவிப் பிடித்தது. அந்த இழுப்பு அறுத்த தோளில் போய் நின்றதை அவர் கடித்துக்கொண்ட உதடு சொன்னது. ஒடெஸா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "இவனுக்கு சர்ச்சுல..." என்று ஆரம்பித்த ரோஸ்கோ மீதியை விழுங்கிக்கொண்டார்.

யோடர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அப்போதே சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாவியைப் பற்றிய அந்தப் பேச்சு அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"போலாம் டெல்மர்" என்றார் ரோஸ்கோ, யோடரைப் பார்க்காமல். "ஆளு அலமாரிக்காரர்தானே. சண்டே எல்லாரும் கேப்பானுங்க, நான் சொல்லிக்கறேன். நீ வா."

டெல்மர் பேஸைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. சின்ன வெட்கம் இல்லை, கழுத்துவரை ஏறுகிற வெட்கம். ரோஸ்கோ சொன்னதுபோலக் கிளம்பிப் போய்விடலாம், ஊர் நம்பிவிடும் என்பதும் தெரிந்திருந்தது.

"அவர் வேணாம்னுதான்டா சொன்னார்" என்றார். "நான்தான் கேக்கல. கேக்காதது மட்டும் இல்ல, நீங்க எத்தன பேஸ் வாசிச்சிருக்கீங்கன்னு வேற அவர்கிட்டயே கேட்டேன்."

ஒடெஸா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "டெல்மர், நீ அப்படியா கேட்ட?"

"கேட்டேன்." பிறகு யோடரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடிச்சிருக்கலாம்."

"உங்ககிட்டயா?" என்றார் யோடர்.

முதலில் சிரித்தது ஒடெஸாதான். ரோஸ்கோ தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். யோடர் ஒரு இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த நான்கு சின்னச் சாவிகளை எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாம் சேர்ந்து ஒரு யானைக்காது கனம்கூட இருக்காது. கூடவே வெளிர்நிறத்தில் நான்கு சிறிய மர வளையங்கள்.

"பெரிய சாவிக்குப் போட்ட துளை பெருசு. இந்த வளையத்த உள்ள ஒட்டி, அதுல சின்ன சாவிய வெச்சா நின்னுடும். தலையும் நிக்கும், கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். கழுத்து அறுத்த அதே பலகையிலதான் கடைஞ்சேன். ரேகைக்கு ரேகை சேத்து ஒட்டிடுவேன் மிஸ்டர் பெட்வே. துளை இருந்த இடமே தெரியாது. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

டெல்மர் ஒரு வளையத்தை எடுத்துப் பேஸின் தலையோடு ஒட்டிப் பார்த்தார். இரண்டு மரமும் ஒன்றாகிவிட்டன. நல்ல வேலை. அதைத் துணியிலேயே திரும்ப வைத்து, நான்கையும் யோடர் பக்கம் தள்ளினார். பிறகு நல்ல தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மெல்லக் குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த வெட்டுத்துண்டுகளைக் கிளறி, காப்பிக்கொட்டைபோலக் கறுத்த வால்நட் மரத்துண்டு ஒன்றை எடுத்தார். சட்டையில் தூசியைத் துடைத்தார். "வளையத்த இதுல கடைங்க. கேக்கட்டும்" என்று அதை யோடரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.