ஏடு கட்டிய தொட்டி

அந்தக் கண்ணாடித் தொட்டியின் வலப்பக்கத் தண்ணீர் நாளுக்கு நாள் மெல்லச் சிவந்துவந்த நிறத்தை இன்னும் என்னால் சொல்லில் பிடிக்க முடியவில்லை. அழுது ஓய்ந்த கண்ணின் ஓரம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. நான் அங்கே தற்காலிக உதவியாளன். தொட்டியின் நடுவே குட்டையான கண்ணாடிச் சுவர். இடப்பக்கம் கருமணலைக் கரைத்த அமிலம், வலப்பக்கம் வெறும் அமிலம். சுவரையும் மூடி, இரண்டின்மேலும் ஒரே படலமாக மண்ணெண்ணெய். அதில் கலந்திருந்த மூலக்கூறு இந்தக் கரையில் நியோடிமியம் என்ற அரிய உலோகத்தைப் பொறுக்கி ஏற்றி, அந்தக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்.

கூட்டிப் பெருக்க வந்த அக்காவுக்கு இதை விளக்கினேன்.

“ஏத்தி எறக்க கூலி எவ்ளோ தம்பி?”

“கூலி இல்லக்கா. வெறுங்கையோடதான் திரும்பும்.”

“அப்ப நம்ம ஆளுதான்.”

உப்பளத்தில் நின்று நின்று பாதம் வெடித்து, புண் ஆறாமல் இங்கே வந்தவள். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையில் வைத்துக்கொள்வதாக விஞ்ஞானி சார் சொல்லியிருந்தார்.

சோதனையின் பத்தொன்பதாம் நாள், ஞாயிறு. சார் ஊரில் இல்லை. காவலிருக்க வேண்டிய நான் சினிமாவுக்குத் திண்டிவனம் கிளம்பினேன்.

“இதுல ஏடு கட்டுச்சின்னா என்னா பண்றது?”

“பாத்துக்கக்கா,” என்றேன், திரும்பாமலே.

உப்பளப் பாத்தியில் உப்பு ஏடு படர்ந்தால் வெயில் அடியில் இறங்காது, கலைத்துவிடுவார்கள். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையில் மெல்லிய ஏடு படர்ந்ததும் அவள் கண்ணாடிக் குச்சியை எடுத்திருக்கிறாள்.

“ஒண்ணு விடாம ஒடச்சிட்டேன் தம்பி,” என்றாள் காலையில், பெருமையாக. அவள் கலக்கியதில் குட்டைச் சுவரைத் தாண்டி இரண்டு நீரும் ஒன்றாகிக் கலங்கிக் கிடந்தன.

“யாரைக் கேட்டுத் தொட்ட?” என்றார் ஊரிலிருந்து திரும்பிய சார்.

அவள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானாத்தான் சார்.”

அன்றே அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து உப்பளத்து வரப்பில் எதிர்ப்பட்டாள். பாதங்களில் துணி சுற்றியிருந்தது. நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்:

“நீ பாத்துக்கச் சொல்லிட்டுப் போனத சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பாரு. ஒருத்தராச்சும் நெழல்ல இருக்கட்டும்னுதான்.”

அவள் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.