எண்ணூர் சாலையில் ஒரு சூட்டுப் பெட்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை காரில் போய்வந்தேன். பதினான்கு கிலோமீட்டர் சொச்சம்தான். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனதில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க என் மனது வேறொரு வண்டியில் போய்க்கொண்டிருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழையில், இதே சாலையில் நான் போன முதல் பயணம். எண்ணூர் போக வழி கேட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வழியும் சொல்கிறேன், கொஞ்சம் சுற்றிவளைத்து.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். வாக்கப்பட்டது ராயபுரத்தில் கருப்பட்டியும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்த வீட்டில். என் வீட்டுக்காரர் பெயர் தேவசகாயம். உலகச் சண்டை முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகளில் ஒரு பிக்கப்பை என் மாமனார் பிடித்துப்போட்டிருந்தார். அதை வாங்கியதற்கு ஒரே காரணம், உள்ளே காலுக்கு மேலே இருந்த ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டிக்குள் குட்டி விசிறி. எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அதற்குள் போயின. தரகர் அதைக் குளுகுளு மிஷின் என்று சொல்லி விற்றிருந்தார்.

மெட்ராஸில் இருப்பவன் விசிறியைப் பார்த்தால் குளிரைத்தானே நினைப்பான்? சித்திரை வெயிலில் அதைப் போட்டால் அனல் அடிக்கும். மிஷின் சூடாகிவிட்டது போலிருக்கிறது என்று மாமனார் அதன்மேல் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார். ஐஸ் கரைந்து அவர் வேட்டி நனைந்ததுதான் மிச்சம். பிறகு அதை யாரும் தொடுவதில்லை, நான் ஒருத்தியைத் தவிர. கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது தூக்குச்சட்டியை அதன்மேல் வைத்துவிடுவேன். குழம்பு ஆறவே ஆறாது.

அன்றைக்குக் காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணூர் உப்பளத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். என் மைனிக்கு, அதாவது வீட்டுக்காரரின் அக்கா ஞானப்பூவுக்கு, எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டதாம். மைனியின் கணவர் அந்த உப்பளத்தில் மேஸ்திரி. முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் மைனி. இது மூன்றாவது. "மருத்துவச்சி அடுப்பாண்ட வெச்சிகினு கீறாங்கோ. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போணுமாம். வழில குளுரு பட்டா தாங்காதாம்" என்றார் வந்தவர். ரயில் உண்டுதான். ஆனால் அந்த மழையில் கைப்பிடியளவு பிள்ளையை வைத்துக்கொண்டு நடைமேடையில் நிற்க முடியுமா? என் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் கால்மாட்டில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வெந்நீர் என் புடவையில் தெறித்தது. வண்டிக்குள் ஒரே ஆவி. சூட்டுப் பெட்டிக்குப் போகும் குழாய் வெடித்திருந்தது. நல்லவேளை, ஒரு பட்டறை பக்கத்திலேயே இருந்தது. மெக்கானிக் ஏகாம்பரம் தலைமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மொதலாளி, வண்டி இட்லிப்பானை கணக்கா ஆவி வுட்டுகினு வருது?" என்றார். குழாயை அமுக்கினார். அது புட்டாக உதிர்ந்தது. இன்னொன்றிலும் வெடிப்பு. "ரெண்டும் பூட்ச்சு. இதுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு? எஞ்சின்ல ரெண்டு முனையையும் அடைச்சு வுட்டா கால் மணி நேரத்துல கெளம்பிடலாம். மழைல கூலிங் மிஷினு எவன் கேட்டான்?"

"அடைச்சுருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடைக்கக் கூடாது" என்றேன் நான்.

அதுவரை அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு நான் பேசியதில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஏகாம்பரம் பக்கம் திரும்பி, "அது கூலிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சித்திரை பூரா அதுக்கு முன்னால உக்காந்து வெந்தவ நான். அது சூட்டுப் பெட்டி. குழாய் ரெண்டையும் புதுசா மாத்திக் குடுங்க" என்றேன்.

"அங்க பிள்ளை உசிருக்குப் போராடிட்டுக் கெடக்கு. நீ இங்க குழாய் பாத்துக்கிட்டு நிக்க!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். கோபம் என்மேல் இல்லை, பயம்தான் அப்படி வந்தது. மைனியின் முதல் இரண்டு பிள்ளைகளையும் குழிக்குத் தூக்கிப்போனவர் அவர்.

"அங்க அடுப்பு இருக்கு. அது பக்கத்துல பிள்ளை எவ்வளவு நேரம் வேணாலும் கெடக்கும். வழியிலதான் அடுப்பு இல்ல" என்றேன். தாமதத்தால் ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பழி என் தலையில்தான். அவர் மழையிலேயே போய் நின்றார். பிறகு வந்து, "சீக்கிரம் மாத்துங்க" என்றார்.

சீக்கிரம் எங்கே? ஏகாம்பரத்திடம் இருந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய். அதை வெட்டி மாட்டி எஞ்சினை ஓட்டினார். வெந்நீர் ஏறியதும் அது பலூனாக ஊதிக்கொண்டு நின்றது. "அட கஸ்மாலமே" என்று அதைத் திட்டிவிட்டு, துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கிடங்குக்கு ஓடினார். அங்கிருந்த தோஸ்து ஒருவரிடம் நீராவிப் பம்புக்கு வாங்கிவைத்திருந்த, உள்ளே கித்தான் துணி வைத்த தடித்த ரப்பர் குழாயில் நாலு முழம் கேட்டு வாங்கிவந்தார். மாட்டும் கிளிப் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. செம்புக் கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி ஊற்றி, இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று சுட்டது. மற்றது ஜில்லென்று இருந்தது. காற்று அடைத்துக்கொண்டிருந்ததாம். ஒரு முனையைத் தளர்த்திக் காற்றை விட்டபின் அதுவும் சுட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூலி, குழாய் எல்லாம் சேர்த்து ஆறு ரூபாய்.

"மொதலாளி, ஒரு முனை கசியும். வழில தண்ணி ஊத்திகினே போங்கோ" என்றார் ஏகாம்பரம். பிறகு என்னைப் பார்த்து, "கொயந்த நல்லாருக்கும், போம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றுவரை நினைக்கிறேன்.

திருவொற்றியூர் தேரடி, எர்ணாவூர், பிறகு ஒருபக்கம் கடல். அலை சாலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணூரில் மைனி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சும்மாடு அளவுக்குத் துணிச்சுருள், அதற்குள் ஒரு முகம். பிறந்ததிலிருந்து குரல் விட்டு அழவில்லையாம். பூனைக்குட்டி போல முனகுவதோடு சரி. பாதத்தைத் தொட்டேன், அடுப்பு பக்கத்திலும் ஆறின கஞ்சி மாதிரி இருந்தது.

மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். கதவுக்குக் கித்தான் திரைதான். ஓட்டையிலெல்லாம் சாக்கைச் செருகிவிட்டு விசிறியைப் போட்டேன். தரகர் சொன்ன குளுகுளு மிஷின் முதல் தடவையாக அதன் வேலையைச் செய்தது. எர்ணாவூர் வருவதற்குள் எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. கம்பி சுற்றிய முனையில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. மைனிக்குக் காபி கொண்டுவந்த டம்ளரை அதன் கீழே வைத்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினார் அவர். "தம்பி, மெதுவா ஓட்டுய்யா" என்றாள் மைனி.

தேரடி வந்தபோது பிள்ளை அழுதான். முனகல் இல்லை, நிஜ அழுகை, எஞ்சின் சத்தத்தையும் மீறி. என் வீட்டுக்காரர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் எங்களை வாயில் வந்தபடி ஏசினான். ஏசட்டும் என்று இருந்தது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் ஆயாம்மா பிள்ளையை வாங்கி, "இன்னாம்மா, கால் இம்மாஞ் சூடா கீது? அடுப்புல வெச்சா எடுத்தாந்தீங்கோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சரி, போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், லாரி குறைவு. திருவொற்றியூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், எர்ணாவூருக்கு அப்பால் டீக்கடைதான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கிளம்புமுன், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எல்லாக் குழாய்களையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். புட்டு மாதிரி உதிர்ந்தாலோ களி மாதிரி அமுங்கினாலோ மாற்றிவிடுங்கள். தோட்டக் குழாயை மட்டும் மாட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் பட்டறை இருந்த இடத்தைத் தேட வேண்டாம், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரும் இல்லை, மைனியும் இல்லை. சென்ற மாதம் காரை ஓட்டியவன் அந்தப் பிள்ளைதான். அறுபதைத் தாண்டிவிட்டான், தலை முழுக்க நரை. தேரடி நெருங்கும்போது ஏ.சி. என்னை விறைக்க வைத்தது. ஓட்டுபவனைத் தொந்தரவு செய்வானேன் என்று சும்மா இருந்தேன். அவனாகவே கையை நீட்டி அதை அணைத்தான். "அத்தை, உங்க கால் ஜில்லுன்னு இருக்குமே" என்று வண்டியை ஓரங்கட்டி, தன் துண்டை எடுத்து என் பாதத்தில் சுற்றிவிட்டான். அன்று அவன் அழுத அதே இடத்தில் இந்தத் தடவை நான் அழுதேன்.