வெயிலோடு சாயும் தூண்

காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே பாலத்தைப் பார்த்துவிடுவாள் சாய்கல். வீட்டிலிருந்து பாலம் தெரியாது, நடுவில் குன்று மறைக்கும். அவள் பார்ப்பது போனில். அக்கயா பாலத்தில் பொருத்தியிருக்கும் சென்சார்கள் தளம் எவ்வளவு சூடாகியிருக்கிறது, எவ்வளவு நீண்டிருக்கிறது, தூண்கள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். போனில் கோடுகளாக ஓடும் அதைப் படித்து, ஏதாவது கோணலாகத் தெரிந்தால் நாரின் நகரத்துச் சாலை அலுவலகத்துக்குச் சொல்வது அவள் வேலை.

சோவியத் காலத்தில் கட்டிய பாலம் அது, அவளைவிட மூத்தது. பிஷ்கெக்கில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மாஸ்கோவில் தையல்கூடத்தில் சில ஆண்டுகள் கழித்து, போதும் என்று ஊர் திரும்பியவள் சாய்கல். தளத்துக்கு அடியில் இரும்பு ஏணியில் தொங்கிக்கொண்டு சென்சார்களைத் துடைக்க வேறு யாரும் முன்வராததால் இந்த வேலை அவளுக்கு வந்தது. கடைத்தெருவில் அவளைக் கண்டால், பாலத்துக்கு ஜுரம் விட்டதா என்று கேட்பார்கள். அவளும் சளைக்காமல் அன்றைய வெப்பத்தைச் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த மே மாதம் நிஜமாகவே ஜுரம் போலத்தான் இருந்தது. மூன்றாம் தூண் கொஞ்சம் கொஞ்சமாக இடக்கரைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. பனி உருகி ஆறு பெருகும் காலம், தூணின் காலடி மண்ணைத் தண்ணீர் அரிக்கிறதோ என்று அலுவலக இன்ஜினியர் நுர்தீன் பயந்தார். அந்த வாரமே பாலத்தை மூடிவிடலாம் என்றார்.

மூடினால் ஆடுகள் மலைமேய்ச்சலுக்குப் போக முடியாது. ஆற்றில் இறங்கவும் முடியாத வெள்ளம். மிச்சம் இருப்பது கணவாய் வழி, அங்கே இன்னும் பனி கிடந்தது. சாய்கலின் அண்ணன் எசென்குல் ஊர்க்காரர்களின் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிப்போகிறவன். அவன் வந்து தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அந்த போன அணைச்சு வையேன். கோடு தெரியலன்னா தூணும் நிமிந்துக்கும்."

"அப்படியாண்ணே? அப்ப உன் ஆடு இருமுறப்ப நீ காதப் பொத்திக்க, சரியாயிடும்."

அவன் சிரிக்கவில்லை. முன்பு ஒருமுறை பாலத்தில் பழுது பார்த்தபோது கணவாய் வழியாகப் போய், குட்டிகளைப் பனியில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னான். விட்டு வந்தவற்றில் பாதி மற்றவர்களுடையவை. அவர்கள் முகத்தில் மறுபடியும் எப்படி விழிப்பது என்று கேட்டான்.

அவன் போன பிறகும் சாய்கல் போனை அணைக்கவில்லை. ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு மண்ணை அரித்தால் தூண் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகவேண்டும். இதுவோ பகலில் சாய்ந்து, விடியும்போது கொஞ்சம் நிமிர்ந்தது. மழை பெய்து ஆறு கரை தொட்ட நாளில் சாய்வு குறைந்தேவிட்டது. ஆறு காரணமென்றால் அன்றுதானே கூடியிருக்கவேண்டும்?

கிராஃபை வேறு மாதிரி வரைந்து பார்த்தாள். அடிக்கோட்டில் தேதிக்குப் பதிலாக வெப்பத்தை வைத்தாள். சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. தூண் ஆற்றுக்குப் பயப்படவில்லை, வெயில் சொன்னபடி ஆடிக்கொண்டிருந்தது. பழைய ஆண்டுகளின் டேட்டாவையும் எடுத்தாள். அப்போதும் வெயிலில் சாய்ந்திருக்கிறது, ஆனால் தளம் நன்றாகச் சூடேறிய பிறகுதான். ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே சாயத் தொடங்கியிருந்தது.

சூடேறினால் பாலத்தின் தளம் நீளும். நீள்வதற்கென்றே மூன்றாம் தூணுக்கு மேலே தளத்தில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். தளம் அந்த இடைவெளிக்குள் நீளாமல் தூணைத் தள்ளுகிறது என்றால், இடைவெளியில் ஏதோ இருக்கிறது.

நுர்தீனிடம் கிராஃபைக் காட்டினாள்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. வியாழனுக்குள்ள தெரியலன்னா நான் மூடித்தான் ஆகணும்."

சாய்கல் கடப்பாரையோடு பாலத்துக்குப் போனாள். இடைவெளியில் மேலே புழுதி, அடுத்து சரளைக்கல், அதற்கும் கீழே ஒரு சாம்பல் நிறப் பலகை. மரம் என்றுதான் முதலில் நினைத்தாள். நெம்பி எடுத்தபோது ஓரத்தில் நார் பிரிந்தது. கம்பளி. யூர்ட் கூடாரத்தின் மேல் போர்த்தும் தடித்த கம்பளி, நசுங்கி நசுங்கிச் செங்கல்லாகியிருந்தது. அதன் அடியில் ஆட்டுப்புழுக்கை, மறுபடியும் கம்பளி.

பார்த்த கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. இடைவெளி வழியாக ஆறு தெரிந்தால் முன்னால் போகும் கிடா மிரண்டு நிற்கும், குட்டியின் குளம்பு சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் கடப்பதற்கு முன்னால் பழைய கம்பளியைத் திணிப்பது இடையர்களின் வழக்கம். திணித்ததை யாரும் திரும்ப எடுத்ததில்லை. கோடையில் தளம் நீண்டு அதை இறுக்கும், குளிரில் சுருங்கி இடம் விடும், அந்த இடத்தில் அடுத்த வசந்தம் இன்னொரு கம்பளி.

எசென்குலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அந்தக் கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நாங்க வச்சதுதான். மெத்துன்னு இருக்கறது போயி கல்லுத் தூணத் தள்ளுமா?"

"இப்ப உன் தலைக்கடியில வச்சுப் படுத்துப் பாருண்ணே. மெத்துன்னு இருக்கான்னு சொல்லு."

மறுநாள் இடையர்கள் கடப்பாரைகளோடு வந்தார்கள். தோண்டத் தோண்டக் கம்பளி வந்தது, ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பும் வந்தது. நுர்தீனும் வந்து தளத்துக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். வெயில் ஏறியபோது தளம் நீண்டு இடைவெளி மெல்லச் சுருங்கியது. சாய்கல் போனையும் இடைவெளியையும் மாறிமாறிப் பார்த்தாள். தூண் நிமிரத் தொடங்கியிருந்தது. முழுதாக நிமிரவில்லை.

அந்த மிச்சச் சாய்வுதான் நுர்தீனை யோசிக்க வைத்தது. கடைசியில் ஆடுகளும் குதிரைகளும் போகலாம், தூணின் காலடியைச் சோதிக்கும்வரை லாரி போகக்கூடாது என்றார். லாரியில் ஏற்றிய கூடாரங்களை இறக்கிக் குதிரைமேல் கொண்டுபோக வேண்டியிருந்தது. முணுமுணுப்பு எல்லாம் சாய்கலின் காதுபடத்தான் நடந்தது. உனக்கு எதற்கு இந்த வேலை, தையலே தைத்திருக்கலாமே என்றாள் ஒருத்தி. சாய்கல் அந்தப் பெண்ணின் கூடாரக் கழிகளில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டாள்.

இடைவெளிக்கு மேல் பலகை போட்டார்கள். கிடா ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தது, அதன் பின்னால் மந்தை முழுவதும் பாலத்தை நிறைத்துக்கொண்டு போனது. கடைசிக் குட்டியும் கடந்ததும் எசென்குல் தானே திரும்பி வந்து பலகையை எடுத்தான். எடுத்துவிட்டுத் தங்கையிடம் வந்து நின்றான். தன் மந்தை தூணை எவ்வளவு சாய்த்தது என்று காட்டச் சொன்னான்.

அவள் போனை நீட்டினாள். மந்தை கடந்த நேரத்தில் கோடு லேசாக நடுங்கியிருந்தது, அவ்வளவுதான். கம்பளி அடைத்திருந்த நாட்களில் காலை வெயில் மட்டும் அதைப்போலப் பல மடங்கு நகர்த்தியிருந்தது.

"இத்தன ஆடு போயும் இவ்ளோதானா?"

"இவ்ளோதாண்ணே."

அவன் முகம் சுருங்கியது. மந்தை தூரத்தில் மேடேறிக்கொண்டிருக்க, போனைத் தலைகீழாகப் பிடித்தும் ஒருமுறை பார்த்தான்.

"திரும்பி வர்றப்ப யாக் மாடுகளையும் ஓட்டிட்டு வரேன். அப்ப என்ன காட்டுதுன்னு பாக்கலாம்."

"ஓட்டிட்டு வா. எனக்கும் தெரியணும்," என்றாள் சாய்கல்.